கவ்வாத்து வெட்டிய வேலி

நுவரெலியாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் வாசல் வேலி, பச்சைப் பந்துகளை வரிசையாக வைத்ததுபோல் இருக்கும். பனி விலகும்போது போய்ப் பார்ப்பேன். எண்ணெய் வைத்துத் தலைசீவிய பிள்ளை மாதிரி நிற்கும். அதை வளர்த்தவை இந்தக் கைகள். கொழுந்து பறித்த கறை நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

தம்பிக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு டவுனுக்கு வந்துவிட ஆசை. மேனேஜரிடம் கெஞ்சி அவனை உதவிக்குச் சேர்த்தேன். பார்த்துவிட்டு நிரந்தரமாக்கலாம் என்றார். தேயிலை மலையில் அவன் கவ்வாத்துக்காரன். முற்றிய செடியைக் குச்சியாகும்வரை வெட்டி, மறுபடி தளிர்க்க விடுகிறவன். "வேலிய நல்லா வெட்டி விடுடா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ரோஜாவுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வேலி இல்லை. சாய்த்து வெட்டிய குச்சிகள். குச்சிகளிலிருந்த பாசியைக்கூடச் சாக்கால் தேய்த்து எடுத்திருந்தான். செடிக்கு ஒரே ஒரு இலைக்கொப்பு மட்டும் குடுமிபோல் நின்றது.

"என்னடா இது?"

"நீங்கதானேக்கா நல்லா வெட்டச் சொன்னீங்க? மூச்சுவிட ஒரு கொப்பும் விட்டிருக்கேன் பாருங்க." முகமெல்லாம் பெருமை.

"அட பாவி, இது என்ன தேயிலையா?"

சமையற்காரர் கதவோரம் நின்று, "கதிர்காமத்துக்கு நேந்துகிட்டு மொட்டையா?" என்றார். மேனேஜர் ஓடிவந்தார். "அக்கே, மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டுத் தலையில் கைவைத்தார். ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருவார்கள்.

தம்பியின் முகத்தில் இருந்த பெருமை அப்போதுதான் இறங்கியது.

"நான்தான் சேர் வெட்டச் சொன்னேன். சீசனுக்குள்ள தளிர்த்துரும். தளிர்க்கலேன்னா ரெண்டு பேருமே போயிர்றோம்."

"அந்தக் கொப்பையாவது வெட்டுங்க. பாக்கிறவங்க சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும் சேர். அது இருக்கட்டும்."

அதன்பிறகு காலையில் தேநீருக்கு முன் வேலிதான். குச்சி, குச்சி, குச்சி. மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை. ஒரு காலை, வெட்டிய இடத்துக்குக் கீழே அரிசிமுனை அளவு சிவப்பு. "அக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் சமையற்காரர் கரண்டியோடு வந்தார்.

இளந்தளிரில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மலையில் செய்வதுபோல் நீளக்கம்பை மட்டமாகப் பிடித்து, அதற்குமேல் தலைநீட்டியதையெல்லாம் விரலால் கிள்ளினோம். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நகத்தில் புதுக்கறை. பந்துகள் திரும்பவில்லை, பாய் விரித்ததுபோல் ஒரு பச்சைத் தளம் வந்தது. எதிர்மலைச் சரிவு இறங்கிவந்து வாசலில் உட்கார்ந்த மாதிரி.

சீசனில் ஒரு கல்யாணப்பெண் சிவப்புச் சாயமிட்ட நகங்களோடு அந்தத் தளத்தில் கையை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். மேனேஜர் பக்கத்தில் நின்று, எல்லாம் தாமே வரைந்துகொடுத்ததுபோல் தலையாட்டினார். பிறகு தம்பியைத் தாமும் தம்பி என்றே சிங்களத்தில் கூப்பிட்டார். "மல்லி, நாளைக்கு யூனிபோர்ம் வாங்கிக்கோங்க."

மறுநாள் கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புதுச்சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டான்: "அக்கா, பின்பக்கம் ரோஜாவையும் நல்லா வெட்டிறவா?"

"கத்தியக் கீழ வைடா மொதல்ல" என்றேன்.