கங்கை உப்பான பின் எங்கள் அப்பா

எங்கள் அப்பா இறக்கக்கண்டியில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். அம்மாவை மணந்த பிறகே மூதூர்ப் பக்கம் வந்து, மகாவலி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, அம்மாவின் சீதன வயலில் இறங்கினார். கடற்காரனுக்கு நெல் விளையாது என்று சிரித்தவர்களே பின்னர் அவரிடம் விதைநெல் கேட்டு வந்தார்கள்.

மலைநாட்டில் கங்கையை மறித்து அணை கட்டி நீரைத் திருப்பினார்கள். கோடையில் ஆறு மெலிந்தது. கடல் உள்ளே ஏறியது. பயிர் நுனி கருகியதைக் கண்ட அப்பா, ஒரு போத்தலில் ஆற்றுநீரை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு லோஞ்ச் படகில் ஏறினார். நானும் கூடப் போனேன். அங்கே ஓர்ஸ் ஹில்லில் இருந்த அரச அலுவலகத்தில் ஓர் அதிகாரியின் மேசையில் அதை வைத்தார்.

"ஐயா, ஒருக்கா வாயில விட்டுப் பாருங்கோ."

அவர் தொடவில்லை. "அணை எங்கட பொறுப்பில்ல. கொழும்புக்கு எழுதுங்கோ."

"எழுதினனான். அவை உங்களிட்டப் போகச் சொல்லினம்."

கடல்நீர் ஏறும் ஓடைக்குக் குறுக்கே ஒரு மண்கட்டுப் போட்டால் போதும். ஆனால் அந்த ஓடை சரணாலய எல்லைக்குள் இருந்தது. அணை வேலைகளால் இடமிழந்த யானைகளுக்கென ஒதுக்கிய காடு அது. அங்கே கம்பு வெட்டவோ மண் வெட்டவோ ஏலாது என்றார்கள் வன அதிகாரிகள். "ஆனைக்கும் நல்ல தண்ணிதானே வேணும்?" என்று அப்பா கேட்டார்.

வருடக்கணக்கில் மனு எழுதினார். சலித்துப்போய் ஒருநாள் நான், "விடுங்கோ அப்பா, ஆர் கேக்கப் போயினம்?" என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தச் சொல் இன்றும் என்னை அறுக்கிறது.

கடைசியில் அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு அவரே மண்கட்டைக் கட்டினார். வழக்குப் போட்டார்கள்.

"ஓம், வெட்டினனான்," என்றார் நீதிமன்றத்தில். "கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய்த்தான் வெட்டினனான்."

நீதவான் எச்சரித்து விடுவித்தார். அந்தப் போகம் எல்லோருடைய நெல்லும் வீடு வந்தது. அடுத்த மாரி வெள்ளம் மண்கட்டை உடைத்தது. நீதிமன்றத்துக்கு மதிப்புக் கொடுத்து, இம்முறை அனுமதி கேட்டுக் காத்திருந்தார். காத்திருந்தபடியே நோயில் விழுந்தார். ஆசுபத்திரிக் கட்டிலில், "கடிதம் வந்ததோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

அப்பாவை ஆசுபத்திரிக்குக் கொண்டோடியவர்களுக்கும், இரவு பகலாய் அம்மாவோடு இருந்தவர்களுக்கும், அன்று அவரோடு மண் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பதில் எழுதாதவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பொறுத்தருள்க.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான இந்த அந்தியேட்டிக்கு வந்திருப்பவர்களில் இயன்றவர்கள் நாளையும் நில்லுங்கள். விடிய ஓடைக்குப் போகிறோம். மண்வெட்டிகள் வீட்டில் இருக்கின்றன. அனுமதி இன்னும் வரவில்லை.