முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய பெயர்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தபோது ஏழுமலை அவர்கள் தொலைபேசியில் அழைத்தார். என்னோடு வேலை பார்த்த பரிமளா அவர்களின் கணவர். "சார், பரிமளா போயிடுச்சி சார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினுதான் வந்துச்சி." நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். சாவுச் செய்திக்கு யாராவது அப்படிப் பதில் சொல்வார்களா? பிறகு கண்ணில் பட்ட வண்டியில் ஏறினேன். நடத்துநர் சீட்டுக் கேட்டபோதுதான் அது செஞ்சி போகும் வண்டி என்று தெரிந்தது. இன்று ஐந்தாவது நாள். இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நாலு வரி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாகத்தான் எழுதுகிறேன்.

கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் இணைய இணைப்புத் தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கோபுரத்தில் ஒரு ரேடியோ பெட்டி, வீட்டு மாடியில் ஒரு பெட்டி. அவற்றுக்கான மென்பொருளை நாங்களே எழுதினோம். பரிமளா அவர்களும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்த பொறியாளர்கள். வயதும் ஒன்றுதான். ஆனாலும் அவருக்கு நான் 'சார்', எனக்கு அவர் 'மேடம்'. எதிரெதிர் மேசை. சண்டை போடாத நாள் குறைவு. எத்தனை சண்டையிலும் அவர் குரல் உயராது. அதுதான் எனக்கு எரிச்சல்.

நாங்கள் பயன்படுத்திய அலைவரிசைக்கு உரிமம் வாங்கத் தேவையில்லை. அதனால் டீக்கடை வைஃபையும் கோச்சிங் சென்டர் வைஃபையும் அதே அலைவரிசையில்தான். வேறு யாரும் பேசவில்லை என்று கேட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும் என்பது அங்கே விதி. கோபுரம் ஒரு தகவலை அனுப்பினால், வீட்டுப் பெட்டி குறித்த கணத்தில் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் பக்கத்துக் கடைக்காரரின் பெட்டி பேசிக்கொண்டிருந்தால் வீட்டுப் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். தகவல் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக் கோபுரம் அதையே திரும்ப அனுப்பும். இணைப்பு ஆமை வேகத்துக்கு வந்துவிடும்.

புகார் வந்தபோதெல்லாம் நான் கோபுரத்தின் சக்தியைக் கூட்டினேன். போய்வர வசதி என்று சோதனையை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொண்டேன். ஞாயிறன்று எல்லாம் ஜோராக ஓடும். திங்களன்று மறுபடி புகார். கடைகள் மூடியிருக்கும் நாளில் அலைவரிசையும் காலியாக இருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு உறைத்தது.

"கோபுரம் கத்தறதுல கொறையே இல்ல சார். வீட்லேர்ந்து பதில் வர்றதுக்குத்தான் வழி இல்ல. சந்தை அன்னிக்கு போயி பாக்கலாம்" என்றார். நான் சிரித்தேன்.

அவர் தனியாகவே கண்டாச்சிபுரம் சந்தைக்குப் போனார். மதியத்துக்கு மேல் மனசு கேட்காமல் நானும் போனேன். வேர்க்கடலை மண்டி ஒன்றில் மல்லாட்டை மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேர்ந்து ஒக்காந்துக்கினு இன்னாம்மா தேடிக்கினு இருக்கீங்க?" என்று மண்டிக்காரர் கேட்டார்.

"ஒரு பதிலத் தேடறேங்க. கெளம்பி நிக்குது, நுழைய எடம் கெடைக்கல."

"எங்க சந்தையில லாரியே நுழைய முடியலம்மா. பதில் எங்கேர்ந்து நுழையும்?"

சில வாரங்களில் வழி கண்டார். பதிலுக்கு ஒரே ஒரு கணம் என்று வைக்காமல், அடுத்தடுத்துப் பல வாய்ப்புகள் கொடுத்தார். அவையும் தவறினால், அலைவரிசை காலியானதும் கோபுரமே 'இதுவரை என்னென்ன கிடைத்தது?' என்று கேட்கும். வீட்டுப் பெட்டி விட்டுப்போன பதில்களை ஒரே கொத்தாகச் சொல்லிவிடும். இவ்வளவுதானா என்று இப்போது தோன்றலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லையே. அடுத்த சந்தை நாளில் இணைப்பு தடங்கலில்லாமல் ஓடியது.

அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். முதல் பக்கத்தில் 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் போட்டதாக இத்தனை காலம் எனக்கே சொல்லிவந்தேன். பொய். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கை குலுக்கியபோது இனித்தது. அன்று அவர் மழையில் சாய்ந்த கம்பத்தைச் சரிபார்க்க மேல்சித்தாமூர் போயிருந்தார்.

மறுநாள் அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார். "இது யாரு செஞ்சதுன்னு ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிடுங்க சார். அது போதும்."

"இன்னிக்கே போட்டுடறேன் மேடம்" என்றேன். போடவில்லை. பதவி உயர்வு வந்தது, தனி அறை வந்தது. ஒரு நாள் நானாகவே, "அந்த மெயில் இன்னும்..." என்று இழுத்தேன்.

"பதில் வரலன்னா மெஷின் திரும்பத் திரும்ப அனுப்பும் சார். நான் ஒரு வாட்டிதான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. என்னோடு சண்டை போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் தப்பாகச் சொன்னால்கூட, "பாத்துக்கலாம் சார்" என்பார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அடக்கத்தன்று கோலியனூரில் ஏழுமலை அவர்கள் என் கையைப் பிடித்து உறவினர்களிடம் சொன்னார்: "அந்தப் பதில் வர்ற வழிய கண்டுபுடிச்ச சாரு இவருதான். இவரு பேரு போட்ட ரிப்போர்ட்ட பரிமளா பீரோவுல பத்திரமா வச்சிருக்குது. இன்னாத்துக்கு இதுன்னு கேட்டா, 'நல்ல வேலைங்க அது'ன்னு சொல்லும்." யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். உண்மையைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

நேற்று அலுவலகத்துக்கு அந்த ஒரு வரியை எழுதினேன். இன்று காலை கோலியனூர் போய் ஏழுமலை அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க மாத்தப் போறீங்கன்னு அதுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதுங்க."

எழுந்து போய் பீரோவிலிருந்து அறிக்கையை எடுத்துவந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவையும் நீட்டினார். என் பெயரை அடித்துவிட்டுப் பரிமளா அவர்களின் பெயரை எழுதினேன். ஏழுமலை அவர்கள் அதை வாங்கி, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துவிட்டு, மாலை போட்ட படத்தின்முன் விரித்து வைத்தார்.

பரிமளா மேடம், ஒரு வரிதான் கேட்டீர்கள். நீங்கள் இருந்தபோது அதை நான் எழுதவில்லை. போய் வாருங்கள்.