ஓடுபாதையில் நெத்திலி

எண்ணூரில் லாரிகள் நிற்கும் பொட்டலுக்குப் பின்னால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய தளம் இருந்ததாம். இரண்டு பஸ் மாறி, வெயிலில் வெந்து வந்து பார்க்கிறேன். மிச்சம் ஒரு துண்டு கான்கிரீட். அதன்மேல் முழுக்க நெத்திலி காய்கிறது.

"இன்னா தேடினுகீற நைனா?" கருவாடு போடும் அக்கா கேட்கிறார்.

"குண்டு போடுற பிளேன் இங்கதான் நின்னுதாம்க்கா."

"தரைய நல்லாத்தான் போட்டுக்கீறான். மணல்ல காயவச்சா பல்லுல நறநறங்கும்." கையிலிருந்த கம்பை என்னிடம் திணிக்கிறார். "சும்மாதான நிக்கிற? காக்கா வந்தா வெரட்டு. டீ குட்ச்சினு வந்துர்றேன்."

அவர் தலை மறைந்ததும் மின்கம்பியிலிருந்து காக்கைகள் வரிசையாக இறங்குகின்றன. கம்பைச் சுழற்றுகிறேன். ஒன்றுகூட மதிக்கவில்லை, ஆளுக்கொரு நெத்திலியோடு மேலே ஏறுகின்றன.

போர் முடிந்துவிட்டது என்று எந்த மடையன் எழுதிவைத்தான்?