தாய்மாமன் நிற்கிற இடம்

அம்பிட்டிய ஏற்றத்தில் கெமரா பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுவாள் பாலம்மா. தோளிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. வார் உச்சந்தலையில் கிடக்கும், பை முதுகில் ஆடும். பதினெட்டு வருடம் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்த பழக்கம் அது. ஓட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்து, "என்னக்கா, கொழுந்து நிறுக்கப் போறீங்களா?" என்பார்கள். "ஆமாப்பா, தராசு சும்மாத்தான் கெடக்கு. ஒன் தலையக் கொண்டா, மூள இருக்கான்னு நிறுத்துப் பாப்போம்" என்பாள், நடையை நிறுத்தாமல். மழை வந்தால் பைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கட்டிவிடுவாள். அவள் நனைவாள். கெமரா நனையாது.

வயது நாற்பத்தேழு. கணவன் சின்னமுத்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு கல்யாண வீடு, சடங்கு வீடு எதிலும் அவளை முன்னால் விட்டதில்லை. பின்பக்கம் வெங்காயம் உரிக்கிற இடம்தான் அவளுக்கு. "அதுலயும் ஒரு வசதி பாருங்க. அழுதா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று இன்றைக்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கண்டி டவுனில் நஸீமின் ஸ்டூடியோவுக்குக் கூட்டித் துடைக்கத்தான் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நஸீம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம் ஒரு பெண் ஓடி வந்தாள். வேலைக்கு எழுதிப் போட ஒரு படம் வேண்டும், பஸ்ஸுக்கு நேரமில்லை என்றாள். தினமும் பார்க்கிற வேலைதானே என்று பாலம்மா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்தாள்.

தொழுதுவிட்டு வந்த நஸீம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரு எடுத்த?"

"நான்தான் நஸீம் நானா. தப்புன்னா அழிச்சிருங்க."

"என்னத்த அழிக்கிற? இருவது வருசமா நான் எடுக்கிற மூஞ்செல்லாம் பொலிசுக்குப் பயந்த மாதிரி ஈக்கிது. இந்த மனிசி இப்ப சிரிக்கப் போற மாதிரி ஈக்கிறாவே! நாளைக்குத் தும்புத்தடிய வேற யாருக்காவது குடுங்க."

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனாள். "அதுக்கு முன்ன எனக்கு எல்லா நாளும் ஒரே நாளு. இப்ப வெயில் எந்தப் பக்கமா விழுதுன்னு பாக்கவே எந்திரிக்கிறேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தனக்கென்று எடுப்பாள். கொடியில் காய்கிற சட்டையின் நிழல், பஸ் கண்ணாடியில் தூங்குகிறவரின் மூச்சு பட்ட இடம், இப்படி. பிறந்து நாற்பது நாளான பிள்ளை கொட்டாவி விட்ட ஒரு படம் எடுத்திருக்கிறாள். பார்த்தால் நமக்கும் வாய் திறக்கும், மனசும் திறக்கும். பச்சப் புள்ளைக்குக் கண்ணுபடும் என்றவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறாள்: "கெமராவுக்கு இருக்கிறது ஒத்தக் கண்ணு. ஒங்களுக்குத்தான் ரெண்டு."

போன ஆவணியில் ஹேவாஹெட்டக் கோயிலில் சுகிர்தாவுக்குக் கல்யாணம். சுகிர்தா, சின்னமுத்துவின் அக்கா ராக்கம்மாவின் மகள். "அத்தைதான் படம் எடுக்கணும்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால் ராக்கம்மா வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஐயர் தாலித் தட்டை ஆசி வாங்கச் சபைக்கு அனுப்பியதும் அந்தப் பொறுமை தாங்கவில்லை. கோயிலே பார்க்க எழுந்து வந்தாள்.

"பாலம்மா, தாலி கட்டுற நேரம் மட்டும் பின்னால போயிரு. கெமராவ அந்த சுதேஷ் தம்பிக்கிட்டக் குடு."

மாப்பிள்ளையின் கூட்டாளி சுதேஷ் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பாலம்மா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பின்னால நின்னா மாப்பிள்ள முதுகுதான் விழும் அண்ணி. முதுகையா சட்டம் போட்டு மாட்டப் போறீங்க?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ராக்கம்மாவுக்கு முகம் சிவந்தது. "வெளையாடாத. தாலியறுத்தவ முன்னால நின்னா எம்மக வாழ்க்க என்னாகுறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

பாலம்மா போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, சுகிர்தாவுக்குத் தாய்மாமன் யாரு?"

ராக்கம்மா தாலித் தட்டு போன பக்கம் பார்த்தாள்.

"ஒங்க தம்பிதான? இருந்திருந்தா இந்நேரம் மணவறையில எங்க நிப்பாரு? வெங்காயம் உரிக்கிற எடத்துலயா? அவரு எடம் சும்மா கெடக்கு. அதுல நான் நிக்கிறேன். வேணாம்னா அவரையே கூட்டிட்டு வந்து நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்."

"அம்மா, அத்தை இங்கதான் நிப்பாங்க" என்றாள் சுகிர்தா, தலையைக் குனிந்தபடியே. தட்டு சபையைச் சுற்றித் திரும்பி வந்திருந்தது. ஐயர் கையை உயர்த்தினார், மேளம் கொட்டியது. பாலம்மா மணவறையில் ஏறி, மணப்பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி, தாய்மாமன் நிற்கிற இடத்தில் காலை அகட்டி நின்றாள். மூன்று முடிச்சையும் எடுத்தாள்.

அட்சதை விழுந்து முடிந்தபோது ராக்கம்மா மணவறை ஓரத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பாலம்மா அவள் முன்னால் போய் நின்றாள். முந்தானையை மெல்ல விலக்கினாள். பிறகு ஒரு கையில் கெமராவை உயர்த்திக்கொண்டு, ஈரமான அந்தத் தாடையை இரண்டு விரலால் பிடித்து, வாசல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.