அப்பா விற்ற தண்ணீர்

அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசாமலிருந்த காலத்தில் அவர்களுக்கு நடுவே தபால் ஆபீசாக இருந்தவள் நான். அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. பாகம் பிரித்தபோது மேல்வயல் அப்பாவுக்கும், அதற்குக் கீழே கால்வாய் முடிகிற இடத்திலுள்ள கடைவரம்பு வயல் அத்தைக்கும் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. ரோஷத்தில் மட்டும் இருவருக்கும் சரிபாகம்.

அந்த வருஷம் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நடவுக்குப் பிறகு மழை ஏமாற்றிவிட்டது. கால்வாயில் வந்த கொஞ்சம் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்து விட்டார்கள். முறை வயல்காரருக்குச் சொந்தம். பாய்ச்சலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். அத்தையின் முறையன்று தண்ணீர் நூலாக மெலிந்து அவள் வயலை எட்டவேயில்லை. கதிர் வரும் நேரத்தில் பயிர் வாடி நின்றது. மாமா இல்லாத அந்த வீட்டில் அடுப்பெரிவதே அந்த நெல்லால்தான். அப்பாவுக்காவது பள்ளிக்கூடத்தில் கிளார்க் உத்தியோகம் இருந்தது.

எங்கள் முறை வந்த காலையில், “தங்கச்சிக்கு சும்மா தொறந்து விடுங்க” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். கீழ்வரப்பில் அத்தை மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

“ஏட்டி, உங்க அத்தைக்குத் தண்ணி வேணுமாண்ணு கேளு” என்றார் அப்பா.

“ஓசித் தண்ணி எனக்கு வேண்டாம்ணு சொல்லு மக்கா” என்றாள் அத்தை.

“ஓசிக்கு ஆரு குடுக்கா? அறுப்பு முடிஞ்சா அவ வயலு வைக்கோலு மொத்தமும் நம்ம மாட்டுக்கு வந்திரணும். வாழை போட்டிருக்கவரு ரூவாயோட வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. சட்டுணு சொல்லச் சொல்லு.”

“பாதி தாறேன்.”

“மொத்தமும்.”

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “செரி. கூடப்பொறந்தவகிட்ட பேரம் பேசுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். அதையும் சொல்லு மக்கா.”

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அப்பா எங்கள் மடையை மண் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டுத் தண்ணீரை அப்படியே கீழே திருப்பினார். எனக்கு அவர்மேல் ஆத்திரமான ஆத்திரம். “அப்போ நமக்கு?” என்று கேட்டேன். “அடுத்த முறை வரும்லா” என்று அத்தைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

அடுத்த முறை வரவில்லை. அணையை மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்று கால்வாய் பார்ப்பவர் எங்கள் முறைக்கு முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அதை அம்மா என்னிடம் சொன்னது நான் வளர்ந்து பெரியவளான பிறகு.

எங்கள் நெல் காய்ந்து பதராகப் போனதை அத்தை தினமும் கீழ்வயலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வயல் நன்றாக விளைந்தது. அறுப்பு முடிந்ததும், சொன்ன சொல் தவறாமல் வைக்கோல் வண்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் கட்டைத் தானே சுமந்துவந்து தொழுவத்தில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்து, “என்னத்துக்கு அண்ணே இப்பிடிச் செஞ்ச?” என்று கேட்டுவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, பாவம் அத்தை, பாதி வைக்கோலையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் காதில் சொன்னேன்.