வால்வ் கவரைக் கழற்றிக்கொண்டு வந்தேன்

அப்பாவின் பழைய காரைத் தம்பி விற்கப்போகிறான் என்பது, அவன் மனைவி போனில் வாய்தவறிச் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

கார் செம்பூரில் அவன் கட்டிடத்துக்குக் கீழே நின்றது. மாட்டுங்காவில் என் கட்டிடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை நடக்கும் என்பதால், அப்பா போனபிறகு அங்கே விட்டிருந்தோம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சுலபம் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கி, பேப்பரையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அப்பாவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து காரை ஓட்டியவள் நான். அவன் கியர் போட்டால் தெருநாய் எழுந்து ஓடும்.

அவன் ஆபீஸ் போயிருந்த ஒரு காலையில் செம்பூர் போனேன். வாட்ச்மேன் என்னை அறிவான், சலாம் வைத்தான். பானட்டைத் தூக்கி, இஞ்சின் தலைமேல் மூடியிருக்கும் வால்வ் கவரையும் ஏர் ஃபில்டர் டப்பாவையும் கழற்றினேன். திறந்து கிடந்த இஞ்சினுக்குள் தூசி போகாமல் பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கட்டினேன். இரண்டையும் காய்கறிப் பையில் வைத்து டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"கார்லேர்ந்து என்னத்த எடுத்துண்டு போயிருக்கே?"

"பெயிண்ட் உரிஞ்சு துரு பிடிச்சிருக்கு. புதுசா அடிச்சுத் தரேன்."

"உன்னை யாரு கேட்டா? ஞாயித்துக்கிழமை கார் வாங்கற பார்ட்டி வரான், ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும்."

"மழைக்காலம்டா. பெயிண்ட் காயாது."

போனை வைத்துவிட்டான். நான் சொன்னது பொய்யில்லை. வேலையை அவசரப்படுத்தும் எண்ணமும் எனக்கு இல்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். பெயிண்ட் ரிமூவர் தடவியதும் பழைய வெள்ளிப் பூச்சு அப்பளம்போல் பொரிந்து எழுந்தது. சுரண்டினேன். மூலைகளில் கம்பி பிரஷ் போட்டேன். உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் நுனிகள் எரிந்தன. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவனை ஒரு வார்த்தை திட்டினேன், வேலை நன்றாக நடந்தது. தின்னரால் துடைத்து, போல்ட் ஓட்டைகளை டேப்பால் அடைத்து, ப்ரைமர் அடித்தேன். அதன்மேல் சூடு தாங்கும் சாம்பல் நிறம், மெல்லிய பூச்சாக. அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பூச்சு பால் தெளித்தாற்போல் வெளுத்தது. உரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆள், தலை திறந்து கிடந்த இஞ்சினைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். மறுநாள் தம்பி என் வீட்டுக் கதவை இடித்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக பால்கனிக்குப் போனான். துணிக்கொடியில் வால்வ் கவர் தொங்கியது. அப்போதுதான் பூச்சு போட்டிருந்தேன்.

"தொடாதே, ஈரம்!"

இரண்டு கையாலும் பிடுங்கினான். வழுக்கியது. மார்போடு அணைத்துக்கொண்டான். ஆபீஸ் சட்டை முழுக்கச் சாம்பல் நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"பாகல் ஆயிட்டியா நீ, பைத்தியம்? ரிட்டையர் ஆனா கோயில் குளம்னு போவா. இவ இஞ்சினைக் கட்டிண்டு அழறா!"

"நீ வித்துத் தின்னறதுக்கு அப்பா வெச்சுட்டுப் போகலே."

"அது என் கார்."

"அப்படின்னா ஓட்டிக் காட்டு, பாக்கலாம்."

கவரைத் தரையில் போட்டுவிட்டுப் போனான். ஒரு மூலை நசுங்கியது. பூச்சில் அவன் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மூன்றாம் முறை உரிக்க ஆரம்பித்தேன்.

ப்ரைமர் காய்ந்துகொண்டிருந்தபோது மறுபடி போன் செய்தான். குரலில் கோபமே இல்லை, சந்தோஷமாக இருந்தான்.

"பழைய இரும்பு வாங்கற குர்லா கபாடிவாலா வந்து காரைத் தூக்கிண்டு போயாச்சு. வெட்டியும் ஆச்சு. உன் டப்பாவை நீயே வெச்சுக்கோ."

வாங்க ஆள் கிடைக்காமல் இல்லை. கொஞ்சநாள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே பழைய இரும்பாகப் போட்டான். அழுகை வரவில்லை. அவன் முகத்தில் தின்னரை ஊற்ற வேண்டும்போல் இருந்தது. பிறகு மீதிப் பூச்சுகளை அடித்து முடித்தேன். வெயில் வந்தபின் நன்றாக இறுகியது. நகத்தால் கீறினால்கூடத் தடம் விழவில்லை.

அதே மாடல் கார் வைத்திருக்கும் ஒருவர் தேவ்நாரில் இருப்பதாக என் பழைய மெக்கானிக் சொன்னார். அந்தக் கார்க்காரர் வந்து பார்த்து, "புதுசாவே கெடைக்காதும்மா இப்படி" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். மாட்டிவிட்டு போனிலேயே இஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வைத்தார். நான்காவது சிலிண்டர் கொஞ்சம் தட்டுகிறது என்று சொன்னேன்.

அப்பாவின் திவசத்துக்குச் செம்பூர் போக வேண்டியிருந்தது. சாப்பிட்டு இலை எடுத்தபிறகு தம்பி கேட்டான்.

"அந்தத் தகரமெல்லாம் என்ன ஆச்சு?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஓடற காருக்கு."

அவன் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் என் பையை எடுத்து வாசல் பக்கம் வைத்தான்.

"அடுத்த வருஷம் நீ வரவேண்டாம்."

அடுத்த வருஷம் நான் போகவில்லை.