கோமதிநாயகம் அண்ணாச்சி வாங்கிய தீர்ப்பு

சங்கரன்கோவில் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வக்கீல் கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னாள். அவருடைய மேல்முறையீட்டுக் கட்டு என் பையில்தான் இருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரோடு பழகிய சக வக்கீல்களான உங்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரியும். ஜெயித்த தீர்ப்பை நகலெடுத்து, ஓரத்தில் 'அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டு, அல்வாவோடு ஊர் வக்கீல்கள் எல்லோருக்கும் கொடுப்பார். அப்படிக் கொடுத்ததில் ஒன்று, விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்கு எதிராக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவர் வாங்கித் தந்த மாநில நுகர்வோர் ஆணையத் தீர்ப்பு. டயாலிசிஸ் வருஷத்துக்கு இத்தனை முறை என்று பாலிசியில் இருந்தால் அத்தனைதான், உடம்புக்கு அதற்குமேல் தேவை என்பது வாதமாகாது என்றது அது. "நோய்க்கு வரம்பு கிடையாது வே, பாலிசிக்கு உண்டு" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அல்வாவை நானும் தின்றேன்.

பிறகு அவருக்கே சிறுநீரகம் கெட்டது. அவர் பாலிசியிலும் அதே வரி. பாதி வருஷத்திலேயே முறைகள் தீர்ந்துவிட்டன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவருக்காக நான் ஆஜரானேன். உயிர் வாழும் உரிமையில் ஆரோக்கியமும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றேன். அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தத்தை அல்ல என்ற எதிர்த்தரப்பு வக்கீல், பழைய நகல் ஒன்றை நீட்டினார். ஓரத்தில் 'அன்புடன், கோமதிநாயகம்'. மேல் ஆணையத்தின் தீர்ப்பை மீற முடியாது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கையெழுத்துதான் மறித்தது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி சொன்னார்: "தீர்ப்பு சொன்னதும் அந்தத் தறிக்காரன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான் வே. நான் கேஸ் கட்ட எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இப்ப ஊசி ஏறும்போதெல்லாம் அவந்தான் எதுக்க நிக்கான்."

கைக்காசு கட்டுப்படியாகாமல், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பதை ஒன்றாக்கிக்கொண்டார். மேல்முறையீட்டை டயாலிசிஸ் கட்டிலில், ஊசியில்லாத கையால் அவரே எழுதினார். அதில் அவர் காட்டிய கடைசிக் காரணம் இது: "எதிர்த்தரப்பு காட்டும் தீர்ப்பை வாங்கிய வக்கீல் நான்தான். அன்று நான் வாதாடியது தவறு." சட்டப்படி இது ஒரு காரணமே ஆகாது, அடித்துவிடுவோம் என்றேன்.

"இருக்கட்டும் வே. அந்தத் தறிக்காரன்கிட்ட சொல்ல எனக்கு வேற எடம் இல்ல."

அவர் மனைவியை வாரிசாகச் சேர்க்க மனுப் போட்டிருக்கிறேன். மேல்முறையீட்டை விசாரிக்கப்போவதும் அன்று அந்தத் தீர்ப்பைத் தந்த அதே மாநில ஆணையம்தான். ஜெயிப்போமா, தெரியாது. அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட இரண்டு காகிதங்கள் என்னிடம் இருக்கின்றன. முதலாவதை எதிர்த்தரப்பு வாசிக்கும். இரண்டாவதில் அவர் அடிக்கவிடாத அந்த வரியை நான் வாசிப்பேன்.